அணைந்துபோன விளக்கை நம்பாதீர்கள்

வண்டியின் டாஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடுகிறது. "அணைஞ்சிடுச்சு, இனி ஒண்ணுமில்லை" என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புபவர்கள் ஒரு ரகம். "விளக்கு எரிஞ்சுதா? அப்போ அந்தச் சாமானையே மாத்திடணும்" என்று பில் புத்தகத்தை எடுப்பவர்கள் இன்னொரு ரகம். இரண்டு பேருமே அவசரக்காரர்கள் என்பது என் கருத்து. விட்டு விட்டு வரும் கோளாறுக்கு முதலில் வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், கொஞ்சம் பொறுமை. மெக்கானிக்கும் கம்ப்யூட்டரும் அதற்குப் பிறகுதான்.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். நான் மெக்கானிக் இல்லை. என் ஆயுளில் ஓட்டிய பெரிய வாகனம் ஒரு ஸ்கூட்டர். ஆனால் புதுச்சேரி அரசில் முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தாவாகக் கோப்பு கட்டியவன். ஒரு புகார் வந்து, பிறகு புகார்க்காரர் பேசாமல் இருந்துவிட்டால், புகார் தீர்ந்துவிட்டது என்று எந்த நல்ல குமாஸ்தாவும் கோப்பை மூடமாட்டான். ஏன் வந்தது, ஏன் நின்றது என்று குறிப்பு எழுதாமல் மூடிய கோப்பு ஆறு மாதத்தில் இரண்டு மடங்கு கனமாகித் திரும்பி வரும். நான் பார்த்திருக்கிறேன்.

கியர் பாக்ஸ் விஷயம் எனக்குத் தெரிய வந்தது பிரான்சில். 2019 செப்டம்பரில் நானும் என் மனைவியும் பாரிசின் வடக்குப் புறநகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை ஒரு பழைய காம்பிங் கார் வாங்கியிருந்தார். வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் இருக்கும், ஏழு மீட்டர் நீள வண்டி. சாதாரண கார் லைசென்சிலேயே ஓட்டலாம், ஆனால் மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. பேத்தி, பேரனையும் ஏற்றிக்கொண்டு தெற்கே பெசியே பக்கம் போவதாகத் திட்டம். அங்கே என் மூத்த அண்ணன் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், அப்போது எண்பத்து நான்கு வயது. நாங்கள் நேரில் பார்த்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அந்த வயதில் "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு அர்த்தம் கிடையாது. அதனால் வழியில் அந்த விளக்கு எரிந்தபோது எனக்கு அது வெறும் வண்டி விவகாரமாகத் தோன்றவில்லை.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பள்ளியில் எல்லாப் பாடமும் பிரெஞ்சில் படித்தவன். டாஷ்போர்டு எச்சரிக்கை விளக்குக்குப் பிரெஞ்சில் 'வுவாயான்' என்று பெயர். குறி சொல்பவருக்கும் அதே சொல்தான். பொருத்தமான பெயர். இரண்டு பேரும் ஏதோ வரப்போகிறது என்றுதான் சொல்வார்கள், என்னவென்று தெளிவாகச் சொல்லமாட்டார்கள்.

அந்த வண்டியில் கிளட்ச் பெடல் கிடையாது. ஆனால் உள்ளே இருந்தது சாதாரண கியர் பாக்ஸ், சாதாரண கிளட்ச். நம் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை ஒரு சின்ன மின்சார பம்பும், அழுத்தத்தில் நிற்கும் எண்ணெயும், மின் வால்வுகளும் செய்கின்றன. அவற்றுக்கு உத்தரவு போடுவது தனியாக ஒரு கம்ப்யூட்டர். டிரைவர் கதவைத் திறந்ததுமே 'விர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். பம்ப் எண்ணெய்க்கு அழுத்தம் ஏற்றுகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ரோபோ பெட்டி' என்கிறார்கள். நம் ஊரில் ஏ.எம்.டி. என்று சொல்கிறோமே, அந்த வகை. இந்தியாவில் 2014இல் மாருதி செலேரியோவில் வந்த பிறகு பரவலானது. உங்கள் பிள்ளைகள் வீட்டு வாசலில் நிற்கும் காரில்கூட இருக்கலாம்.

அந்தக் கம்ப்யூட்டர் தானாக எதையும் பார்ப்பதில்லை. எஞ்சின் எத்தனை சுற்று ஓடுகிறது, கிளட்ச் எங்கே நிற்கிறது, எந்தக் கியர் விழுந்திருக்கிறது, பிரேக்கில் கால் இருக்கிறதா என்று பல சென்சார்களும் சுவிட்சுகளும் அனுப்பும் தகவலை நம்பித்தான் முடிவெடுக்கிறது. அந்தத் தகவலில் ஒன்று தப்பாகப் போனாலும், மின்சாரம் ஒரு விநாடி குறைந்தாலும், "கியர் பாக்சில் கோளாறு" என்று எழுதிக் காட்டிவிடும். வாசலில் இருப்பவன் தப்பான பெயர் எழுதிக் கொடுத்தால் மேலதிகாரி தப்பான ஆளைக் கூப்பிடுவதில்லையா? அதுபோலத்தான். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். 'கியர் பாக்ஸ் கோளாறு' என்று எழுத்து வந்தால், கியர் பாக்ஸ் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கியர் பாக்சின் கம்ப்யூட்டருக்கு ஏதோ ஒன்று பிடிக்கவில்லை, அவ்வளவுதான் அர்த்தம்.

முதல் விளக்கு ஆர்லேயான் பக்கத்தில், மறுநாள் காலை எரிந்தது. மாப்பிள்ளை எஞ்சினை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்தார். விளக்கு இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம். நான் பையிலிருந்து பேரனின் பழைய பள்ளி நோட்டை எடுத்துத் தேதி, நேரம், இடம் எழுதினேன். "மாமா, இதெல்லாம் ஃபோன்லேயே போட்டுக்கலாமே" என்று மாப்பிள்ளை சிரித்தார். "போடுங்க மாப்பிள்ளை, நான் இதிலே எழுதறேன்" என்றேன். அவர் ஃபோனில் போடவில்லை. ஓட்டுகிறவருக்கு ஏது நேரம்?

எழுதியதைச் சுருக்கமாகத் தருகிறேன். 9ஆம் தேதி காலை 7.40: இரவெல்லாம் மழை, ஸ்டார்ட் செய்ததும் விளக்கு, பத்து விநாடியில் மறுபடி ஸ்டார்ட், சரி. அன்று முழுவதும் 120 கிலோமீட்டர் ஓட்டம், வரவில்லை. 10ஆம் தேதி காலை 8.15, பூர்ழ் ஊருக்கு வெளியே: பனி ஈரம், ஸ்டார்ட் ஆனது, கியர் விழவில்லை, நிறுத்திப் போட்டதும் சரி. அன்று மதியம் நல்ல வெயில், நெடுஞ்சாலையில் மணிக்கு 110இல் ஓட்டம், வரவில்லை. மாலை 5.30, சூப்பர் மார்க்கெட் வாசல்: அரை மணி நேரத்துக்குள் மூன்றாவது ஸ்டார்ட், விளக்கு. 11ஆம் தேதி காலை, கிளெர்மோன்-ஃபெரான்: மழை, ஸ்டார்ட் செய்ததும் விளக்கு, திரையில் நியூட்ரல், மூன்றாவது முயற்சியில்தான் சரியானது.

இதில் 'வரவில்லை' என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? மிக முக்கியமான பகுதி அதுதான். கோளாறு வந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். வராததை யாரும் எழுதுவதில்லை. ஆனால் எப்போது வருகிறது என்பதும் எப்போது வரவில்லை என்பதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் காரணம் தலைகாட்டும்.

கிளெர்மோன்-ஃபெரானில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். பெயர் வேண்டாம். ஒரு பையன் வந்து ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் கருவியைச் சொருகினான், ஏதோ பார்த்தான், பட்டனைத் தட்டினான். கோட் எல்லாவற்றையும் அழித்தாகிவிட்டது, ஆனால் எண்ணெய் பம்பும் வால்வுகளும் சேர்ந்த தொகுதியை முழுசாக மாற்ற வேண்டும் என்றான். 4,200 யூரோ. சாமான் வரப் பத்து நாள். என்ன கோட் இருந்தது என்று நான் கேட்டேன். அழித்துவிட்டேன், ஞாபகமில்லை என்றான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பதிவேட்டின் பக்கத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தின் பேரில் தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

மகள் முகம் வாடிவிட்டது. மாப்பிள்ளை திரும்பிவிடலாம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குழந்தைகள் வண்டியில் இருக்கிறார்கள், முன்னால் மலைப்பாதை. ஏ75 நெடுஞ்சாலை அங்கிருந்து 1,100 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறி இறங்குகிறது. நான் நோட்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன். "நாலு தடவையும் நின்ன இடத்திலே, ஸ்டார்ட் செய்யும்போதுதான் வந்திருக்கு. ஓடும்போது ஒரு தடவைகூட வரலை. மூணு தடவை ஈரக் காலையிலே. எண்ணெயோ கிளட்ச்சோ கெட்டிருந்தா வெயில்லேயும் மேட்டிலேயும்தானே மாப்பிள்ளை அது காட்டணும்?" என்றேன். அவர் எலெக்ட்ரிகல் வேலை தெரிந்தவர். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, எஞ்சினைத் தேவையில்லாமல் நிறுத்தாமல் நூறு கிலோமீட்டர் போவோம், வழியில் வேறு ஒருவரைப் பார்ப்போம் என்றார்.

ஏற்றத்தில் விளக்கு வரவில்லை. அதையும் எழுதினேன். சேன்-ஃப்ளூர் பக்கத்தில் ஒரு கிராமத்து மெக்கானிக். அறுபது வயது இருக்கும். முதலில் கருவியைச் சொருகப் போனவர், நோட்டை நீட்டியதும் மேஜைமேல் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு அவர் எடுத்தது சாதாரண மல்டிமீட்டர். ஒரு முனையை பேட்டரியின் மைனசில் வைத்தார், மறு முனையைக் கீழே கியர் பாக்சின் இரும்பு உடம்பில் வைத்தார், ஸ்டார்ட் செய்யச் சொன்னார். இரண்டுமே ஒரே எர்த், அதனால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் வந்தாலே அதிகம். அங்கே ஒன்றுக்கு மேல் காட்டியது.

"ஃபோ கோந்தாக்த்" என்றார் அவர். நேராகத் தமிழில் சொன்னால் 'பொய்த் தொடர்பு'. கியர் பாக்சையும் வண்டியின் சட்டத்தையும் இணைக்கும் எர்த் பட்டை, செம்புக் கம்பியால் பின்னியது, துருவும் பச்சையும் பிடித்து நூலாகியிருந்தது. அங்கே குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள், அது அடியில் தெறித்துத் தின்றுவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் இந்தப் பட்டை தாங்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் போகும் மின்சாரம் அந்த நொடியில் தடுமாறியது, அது கியர் பாக்சைக் குறை சொன்னது. எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டால் அவ்வளவு இழுப்பு இல்லை, அதனால் எல்லாம் சரியாகத் தெரிந்தது. புதுப் பட்டை, கூலி எல்லாம் சேர்த்து 94 யூரோ. மீதிப் பயணத்திலும், பாரிஸ் திரும்பும் வரையிலும் விளக்கு வரவில்லை. அண்ணனுடன் நான்கு நாள் இருந்தோம். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இது ஒரு வண்டியின் கதை. எல்லா வண்டியிலும் எர்த் பட்டைதான் காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் சொல்ல வருவது தேடும் முறையைப் பற்றி. அதன் பிறகு ஆர்வத்தில் மாப்பிள்ளையிடமும் இங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நண்பர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஈரத்திலும், முதல் ஸ்டார்ட்டிலும், பல நாள் நிறுத்திவைத்த பிறகும் வந்தால் பேட்டரி, எர்த், கனெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முழு சார்ஜில் நிற்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், எஞ்சின் ஓடும்போது சுமார் 14 காட்டும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் பத்துக்குக் கீழே விழுந்தால் பேட்டரிமேல் சந்தேகம். காம்பிங் காரில் இன்னொரு சிக்கல் உண்டு. பேட்டரி இரண்டு. வீட்டுப் பகுதிக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று. கூரைமேல் இருக்கும் சூரியத் தகடு பெரும்பாலும் வீட்டு பேட்டரிக்குத்தான் சார்ஜ் ஏற்றும். உள்ளே விளக்கு பளிச்சென்று எரிகிறது, எஞ்சின் பேட்டரியோ மாதக்கணக்கில் நின்று வாடிக் கிடக்கும்.

மலை ஏற்றத்திலும், வெயிலில் நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் வந்தால் சூடு, எண்ணெய், கிளட்ச் பக்கம் பார்க்க வேண்டும். புறப்படும்போது உதறலோ தீய்ந்த வாடையோ இருந்தால் கிளட்ச்தான் முதல் சந்தேகம். நின்ற இடத்தில் பிரேக்கை மிதித்தும் கியர் விழ மறுத்தால், இன்னொருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பெடலுக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன சுவிட்ச் சரியாக வேலை செய்யாவிட்டால், நீங்கள் காலை வைத்திருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

கிளட்ச்சே இல்லாத முழு ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கும் இதே விசாரணைதான். ஆனால் அங்கே எண்ணெய்க்கு இன்னும் மதிப்பு அதிகம். "ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்" என்று சொல்லி விற்ற கியர் பாக்ஸ் எண்ணெயைப் பற்றி, அந்தக் கியர் பாக்சுகளைச் செய்யும் ஜெர்மன் கம்பெனி இசட்.எஃப். வேறு மாதிரி சொல்கிறது: 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றுங்கள் என்பது அதன் பரிந்துரை. செய்தவன் சொல்வதைக் கேட்பதா, விற்றவன் சொல்வதைக் கேட்பதா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

அடுத்தது கோட். ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களிலும் 2004 முதல் டீசல் கார்களிலும் அந்தப் பதினாறு பின் சாக்கெட் கட்டாயம். நம் நாட்டுப் புது வண்டிகளிலும் இருக்கிறது. கோளாறு வந்ததும் கம்ப்யூட்டர் ஓர் எழுத்தும் நாலு இலக்கமுமாகக் குறித்துக்கொள்ளும். பி 0700 என்றால் "கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரைப் போய்க் கேள்" என்று அர்த்தம், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. பி 0562 என்றால் மின்னழுத்தம் குறைந்தது. முதல் கோட் மட்டும் இருந்தால் பயம் வரும், இரண்டாவது கோட் பக்கத்தில் இருந்தால் தைரியம் வரும். பல வண்டிகளில் கோளாறு வந்த நொடியின் எஞ்சின் வேகம், சூடு முதலியவையும் சேர்ந்தே பதிவாகும். ஃபோனோடு சேரும் மலிவான கருவிகள் பெரும்பாலும் எஞ்சினைத்தான் படிக்கும், கியர் பாக்சின் கம்ப்யூட்டரைத் தொடாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே ஒர்க்‌ஷாப்பில் உங்கள் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "தம்பி, அழிக்கறதுக்கு முன்னாலே எழுதிக் கொடுப்பா." அச்சிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. வயதானவர் தொந்தரவு செய்கிறார் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

மெக்கானிக் பக்க நியாயத்தையும் சொல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சமானவன் ஆகிவிடுவேன். வண்டி அவர்களிடம் போகும்போது கோளாறு இருக்காது. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி நிற்பதுபோல. இல்லாத கோளாறை மணிக்கணக்கில் தேடினால் அந்தக் கூலியை யார் தருவார்கள்? "ஒண்ணும் கண்டுபிடிக்காமலே காசு கேக்கறான்" என்று நாம்தான் சண்டை போடுவோம். அதனால் அவர்கள் சாமானை மாற்றுகிறார்கள். சாமானுக்கு பில் போடலாம், யோசித்ததற்கு பில் போட முடியாது. இந்த நிலைமை மாற வேண்டுமென்றால் நாமும் தேடும் வேலைக்குக் கூலி கொடுக்கப் பழக வேண்டும், சான்றையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அந்தக் கிராமத்து மெக்கானிக் மந்திரவாதி இல்லை. அவர் கையில் நாலு நாள் குறிப்பு இருந்தது, பெரிய ஒர்க்‌ஷாப் பையன் அதைக் கேட்கவே இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு எச்சரிக்கை. நோட்டு எழுதுகிறேன் என்று ஆபத்தில் ஓட்டக் கூடாது. ஓடும்போதே கியர் விடுபட்டு நியூட்ரலுக்குப் போனாலும், சிவப்பு விளக்கு எரிந்தாலும், தீய்ந்த வாடை வந்தாலும் ஓரம் கட்டிவிட வேண்டும். பிரான்சில் மஞ்சள் அங்கியும் முக்கோணமும் வண்டியில் இருக்க வேண்டும் என்பது 2008 முதல் சட்டம். நெடுஞ்சாலையில் அங்கியைப் போட்டுக்கொண்டு எல்லோரும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்ற பிறகுதான் மற்றது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாக ஆரஞ்சு நிற அவசரத் தொலைபேசி நிற்கும், இல்லாவிட்டால் 112. இங்கே நம் ஊரில், முழு ஆட்டோமேட்டிக் வண்டியை ஓடும் சக்கரங்கள் தரையில் படும்படி கயிறு கட்டி இழுக்கவிடாதீர்கள். எஞ்சின் நின்றிருந்தால் உள்ளே எண்ணெய் ஓடாது, சும்மா இருந்த கியர் பாக்சும் கெட்டுவிடும். மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. வாய் ஒரு பக்கம் கோணுகிறது, கை மரத்துப் போகிறது, பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. "வாயுத் தொல்லை" என்று சுக்குக் காபி குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். அது பின்னால் வரக்கூடிய பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம். இதற்கு நாலு நாள் நோட்டு எழுதிக் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான். ஆனால் அங்கே டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" என்பது. பக்கத்தில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்திருந்தால் அதற்கு விலை மதிப்பில்லை.

கடற்காற்று அடிக்கும் ஊரில் இருக்கிறோம். அங்கே ரோட்டு உப்பு செய்யும் வேலையை இங்கே காற்றில் இருக்கும் உப்பும் ஐப்பசி, கார்த்திகை மழையும் செய்யும். பிள்ளைகளின் காரை அடுத்த முறை சர்வீசுக்கு விடும்போது, பேட்டரி முனைகளையும் எர்த் பட்டையையும் கழற்றிச் சுத்தம் செய்து முறுக்கச் சொல்லுங்கள். செலவு ஒரு நல்ல சாப்பாட்டுக்கு மேல் ஆகாது. அப்படியே டாஷ்போர்டு அறையில் ஒரு நாற்பது பக்க நோட்டையும் நூல் கட்டிய பென்சிலையும் வைத்துவிடுங்கள். பேனா வெயிலில் கசியும். பிள்ளைகள் சிரிப்பார்கள். எழுத வேண்டிய நாள் வரும்போது எழுதுவார்கள்.